கிளேமோர்: எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது, எப்போது மங்காவுக்கு மாறுவது

வாளேந்திய பெண், பழிவாங்கும் கதை, மாயாஜால உலகம். இந்த மூன்றும் சேர்ந்த அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர், வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் பெயர் கிளேமோர். 2007 ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடிந்த தொடர். ஒரே சீசன், 26 எபிசோட். தயாரிப்பு மேட்ஹவுஸ் ஸ்டுடியோ, இயக்கம் ஹிரோயுகி தனாகா. நோரிஹிரோ யாகி 2001 முதல் 2014 வரை வரைந்த 27 தொகுதி மங்காதான் (ஜப்பானியச் சித்திரக்கதை) இதற்கு மூலம்.

பரிந்துரைத்தால் பலர் பார்க்கத் தொடங்குகிறார்கள். அதில் ஒரு பாதிப் பேர் நான்காவது எபிசோடைத் தாண்டுவதில்லை. மீதிப் பேர் கடைசிவரை பார்த்துவிட்டு, "இவ்வளவு நன்றாகப் போய் முடிவு இப்படியா?" என்று கேட்கிறார்கள். இரண்டு குறையும் நியாயமானவை, இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. கொஞ்சம் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் இரண்டையும் தாண்டிவிடலாம். முக்கியமான திருப்பங்களை உடைக்காமல், புதிதாக வருபவருக்குத் தேவையானதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில், இது உங்களுக்குச் சரிப்படுமா?

இரத்தம் நிறைய. மனிதர்களின் குடலைத் தின்னும் பிசாசுகளைப் பற்றிய கதை. அதைக் காட்டக் கேமரா தயங்காது. உடல்கள் வெட்டுப்படும், கை கால் துண்டாகும், மனித உடல் உருக்குலைந்து வேறொன்றாக மாறும். பெண்கள்மீதும் குழந்தைகள்மீதும் நடக்கும் கொடுமைகளைப் பற்றிய குறிப்புகளும் உண்டு, முக்கியமாக 5ஆம் எபிசோடில் தொடங்கும் பகுதியில். அனிமே என்றாலே சிறுவர் நிகழ்ச்சி என்று நினைக்கும் வீட்டில் கூடத்து டிவியில் போட வேண்டாம். பதின்ம வயதின் பிற்பகுதியைத் தாண்டியவர்களுக்கே இதைச் சொல்வேன்.

ஒரு விஷயத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். ஏறக்குறைய முழுக்கப் பெண் வீரர்களால் ஆன கதை இது. அப்படியிருந்தும் அவர்களைக் கவர்ச்சிப் பொருளாக்கும் கோணங்களுக்கு இங்கே அநேகமாக இடமே இல்லை. அந்த எரிச்சலால் அனிமே பக்கமே வராமல் இருப்பவர்கள் தைரியமாக வரலாம்.

எந்த மொழியில், எங்கே பார்ப்பது

ஜப்பானிய ஒலி, ஆங்கில சப்டைட்டில் என்பதுதான் என் தேர்வு. நாயகி கிளேருக்குக் குரல் கொடுத்திருப்பவர் ஹோகோ குவாஷிமா, 5ஆம் எபிசோடில் மையத்துக்கு வரும் வீராங்கனை தெரேசாவுக்கு ரோமி பார்க். கிளேர் பேசுவதே குறைவு. பேசும்போதும் குரல் ஏறாது. அந்தத் தட்டையான குரல் எங்கெங்கே உடைகிறது என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது. ஆங்கில டப்பிங்கும் மோசமில்லை. எழுத்து வாசித்துக்கொண்டே சண்டை பார்க்க முடியாதவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டது ஃபனிமேஷன். அந்த நிறுவனம் பிறகு கிரஞ்சிரோல் என்ற அனிமே ஸ்ட்ரீமிங் தளத்துடன் இணைந்துவிட்டதால் முதலில் அங்கே தேடுங்கள். இது போன்ற பழைய தொடர்கள் நாட்டுக்கு நாடு இருக்கும், இல்லாமல் போகும். பார்ப்பதற்காகவே சந்தா கட்டுவதாக இருந்தால், உங்கள் நாட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

மொத்தம் சுமார் 10 மணி நேரம். வார இறுதி ஒன்றில் முடிக்கலாம். ஆனால் ஒரே மூச்சில் பார்க்க வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது; அதைக் கீழே சொல்கிறேன்.

உட்காருமுன் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

கதை நடக்கும் உலகத்தில் யோமா என்ற பிசாசுகள் இருக்கின்றன. ஒரு மனிதனைத் தின்று, அவன் உருவத்தையும் நினைவுகளையும் எடுத்துக்கொண்டு, அவன் வீட்டிலேயே வாழும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் அண்ணன் அண்ணன்தானா என்று தம்பிக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் ஒரு தரப்பினர் மட்டுமே. யோமாவின் சதையையும் இரத்தத்தையும் உடம்பில் ஏற்றிக்கொண்ட பெண்கள். பாதி மனுஷி, பாதி யோமா. வெள்ளிக் கண், வெளிறிய முடி, முதுகில் ஆளுயரப் பெரிய வாள். அந்த வாளின் பெயரைச் சொல்லியே மக்கள் இவர்களை கிளேமோர் என்கிறார்கள், இன்னும் பயந்தவர்கள் வெள்ளிக்கண் சூனியக்காரிகள் என்கிறார்கள்.

இவர்களை உருவாக்கி அனுப்புவது 'அமைப்பு' என்று மட்டும் அழைக்கப்படும் ஒரு கூட்டம். ஊர் பணம் கொடுத்தால் ஒரு வீராங்கனை வருவாள். வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவாள். பணத்தை அவள் தொட மாட்டாள். பிறகு கறுப்பு உடுப்பில் ஓர் ஆள் வந்து வாங்கிக்கொள்வான். பணம் தராத ஊருக்கு அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள். முதல் எபிசோடிலேயே இந்தக் கொடுக்கல் வாங்கல் தெரிந்துவிடும். கூர்ந்து பாருங்கள், அமைப்பைப் பற்றி உங்களுக்கு எழும் சந்தேகம் பின்னால் வீண்போகாது.

நாடு 47 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பகுதிக்கு ஒருத்தி என 47 வீராங்கனைகள். பலத்தின்படி வரிசை எண். நம் நாயகி கிளேரின் எண் 47. கடைசி. யோமாவின் சதையை ஏற்றவர்கள் பாதி மனுஷி என்றால், கிளேரின் உடம்பில் ஓடுவது அதைவிடக் குறைவு. ஏன் என்பதை 8ஆம் எபிசோடுக்குள் அறிந்துகொள்வீர்கள்.

அடுத்தது யோக்கி. யோமா சக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீராங்கனை அதை எவ்வளவு வெளியே விடுகிறாளோ அவ்வளவு பலம், அவ்வளவு ஆபத்து. 10 சதவீதத்தில் கண்ணின் நிறம் பொன்னாக மாறும். 30இல் முகம் கோணும். 50இல் உடம்பு புடைக்கும். 80ஐத் தாண்டினால் திரும்ப வழியில்லை: அவளே விழிப்புற்றவளாக, சாதாரண யோமாவைவிடப் பல மடங்கு பயங்கரமான ஒன்றாக மாறிவிடுவாள். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சண்டையும் வேறு மாதிரி தெரியும். யார் ஜெயிப்பார் என்பதைவிட, எங்கே நிறுத்துவாள் என்ற பதற்றமே பெரிதாக இருக்கும். வாள் ஓங்கும்போது கையைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள்.

கடைசியாக இரண்டு சட்டங்கள். மனிதனைக் கொன்ற வீராங்கனைக்கு மரணம், விதிவிலக்கு இல்லை. இன்னொன்று கறுப்புச் சீட்டு. ஒவ்வொருத்தியின் வாள் கைப்பிடிக்குள்ளும் அவளுடைய சொந்தக் குறியீட்டோடு ஒரு சீட்டு இருக்கும். தன் எல்லை நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும், மனுஷியாகச் சாக வேண்டும் என்று விரும்பினால், தன்னைக் கொல்ல வேண்டியவள் யார் என்று தானே தேர்ந்தெடுத்து அதை அனுப்பி வைப்பாள். பெரும்பாலும் மிக நெருங்கிய தோழிக்கு.

1 முதல் 4 வரை: பொறுமை

முதல் எபிசோடில் ஓர் ஊர், ஒரு யோமா, கிளேர் வருகிறாள். அந்த ஊரில் குடும்பத்தை இழக்கும் ராக்கி என்ற பையன் அவளோடு ஒட்டிக்கொள்கிறான். இரண்டாவதில் கிளேருக்கே ஒரு கறுப்புச் சீட்டு வருகிறது. அனுப்பியவள் எலேனா. சிறுமிகளாக அமைப்பில் இருந்த நாட்களில் இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு தூங்கியவர்கள். கிளேர் போகிறாள், பேசுகிறார்கள், பிறகு செய்ய வேண்டியதைச் செய்கிறாள். இத்தனை சீக்கிரம் இப்படி ஒரு காட்சியை வைக்கும் தொடர்கள் குறைவு. ஆனால் எலேனாவை நமக்கு அதற்குமுன் தெரியாது என்பதால் அந்த அடி முழுதாக நம்மீது விழுவதில்லை. தொடர் முழுதும் பார்த்தபின் இந்த எபிசோடை மறுபடி போட்டுப் பாருங்கள்.

3, 4 எபிசோடுகள் ரபோனா என்ற புனித நகரத்தில். வெள்ளிக் கண்ணிகள் நுழையக் கூடாத ஊர். அதனால் கிளேர் மாத்திரை விழுங்கிக் கண் நிறத்தையும் யோக்கியையும் மறைத்துக்கொண்டு போகிறாள். மாத்திரையின் விலை, எதிரியின் யோக்கியையும் அவளால் உணர முடியாது. கதை நன்று. ஆனால் இந்த நான்கு எபிசோடையும் பார்த்தவருக்கு, வாரம் ஓர் ஊர், ஊருக்கு ஒரு பிசாசு என்ற கணக்கில் போகும் தொடர் போலிருக்கிறதே என்று தோன்றும். இங்கேதான் பலர் கழன்றுகொள்கிறார்கள்.

ராக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. அழுகிறான், கத்துகிறான், சண்டையில் உதவாமல் குறுக்கே வருகிறான். பிடிக்காமல் போகலாம். ஆனால் கிளேர் மிகக் குறைவாகவே சாப்பிடுபவள், வலியைக் காட்டிக்கொள்ளாதவள், ஊர்கள் பயந்து ஒதுக்குபவள். அவளுக்குச் சமைத்துப் போடுகிறேன் என்று நிற்கும் ஒரு பையன் இல்லாவிட்டால், அவளுக்குள் மிச்சமிருக்கும் மனுஷியை நாம் பார்க்கவே முடியாது. அவனைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

5 முதல் 8 வரை: இதை ஒரே அமர்வில் பாருங்கள்

ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒதுக்குங்கள். போனைத் தள்ளி வையுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம். இந்த நான்கு எபிசோடைப் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் தொடரை விட்டுவிடலாம், வற்புறுத்த மாட்டேன்.

கதை பல ஆண்டுகள் பின்னால் போகிறது. கிளேர் திரையில் ஒரு சிறுமி. மையத்தில் நிற்பவள் தெரேசா, அன்றைய முதல் எண். யோமாக்களை வெட்டும்போது முகத்தில் ஒரு மெல்லிய புன்னகை இருக்கும்; அதுவே அவளுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அவளிடம் ஒரு தனித் திறமை. எதிரியின் உடம்பில் யோக்கி ஓடும் திசையை முன்கூட்டியே படித்துவிடுவாள். கை அசையுமுன் எந்தக் கை அசையும் என்று தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? சண்டையே நடக்காது. அவள் நடந்து போவாள், பிசாசுகள் விழும். வேகமாக வெட்டிக் காட்டும் அனிமேக்கள் எத்தனையோ உண்டு. இங்கே பயம் வருவது அவளுடைய நிதானத்தால்.

அப்படிப்பட்டவளின் பின்னால் ஒரு சிறுமி நடக்கிறாள். யோமா ஒன்றிடம் சிக்கிச் சித்திரவதைப்பட்டு, பேச்சையே இழந்தவள். ஊரும் அவளை அண்டவிடவில்லை. தெரேசா அவளை விரட்டுகிறாள். அவள் போகவில்லை. மறுபடி விரட்டுகிறாள். அந்தச் சிறுமி தூரத்தில் நின்று பார்க்கிறாள், பிறகு ஓர் இடத்தில் வந்து கட்டிக்கொள்கிறாள். அவ்வளவுதான் காட்சி. பெரிய வசனம் எதுவும் இல்லை. தெரேசாவை எல்லோரும் இதுவரை இரண்டு விதமாகத்தான் பார்த்திருக்கிறார்கள்: ஆயுதமாக, அல்லது பிசாசாக. அவளுக்கும் வலிக்கும் என்று கண்டுகொண்ட முதல் ஆள் வாய் பேசாத ஒரு குழந்தை. கிளேர் என்ற பெயரே தெரேசா வைத்ததுதான்.

இதற்குமேல் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன சட்டங்களில் மனிதனைக் கொல்லக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 8ஆம் எபிசோட் முடியும்போது கிளேர் யாருக்காகப் பழிவாங்கப் புறப்பட்டாள், யார்மீது, அதற்காகத் தன் உடம்பையே எப்படி மாற்றிக்கொண்டாள் என்பதெல்லாம் கையில் இருக்கும். பழிவாங்கும் கதைகள் பலவற்றில் இழப்பை ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டு, மீதி நேரம் கோபத்தைக் காட்டுவார்கள். யாகி தலைகீழாகச் செய்தார். நாயகியை ஓரமாக நிறுத்திவிட்டு, இழக்கப்போகிறவளை நாம் நேசிக்கும்வரை காத்திருந்தார். கிளேரின் கோபத்தை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை, அது நம்முடையதாகிவிடுகிறது. இந்தத் தொடரை நான் இத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்த நான்கு எபிசோடுதான்.

9இலிருந்து: யார் யார் என்று பிரித்தறிவது

இங்கிருந்து ஒரு நடைமுறைச் சிக்கல். எல்லோருக்கும் வெளிறிய முடி, வெள்ளிக் கண், ஒரே சீருடை, ஒரே வாள். புதியவர்களுக்குக் குழம்பும். முகத்தைவிட முடியையும் சண்டை முறையையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

9 முதல் 11 வரை வரும் மலை வேட்டையில் நான்கு பேர். அணித்தலைவி மிரியா, எண் 6. பிம்பம் விட்டுப்போகும் அளவுக்கு வேகமாக நகர்வாள். டெனீவ், எண் 15. மிகக் குட்டையாக வெட்டிய முடி, ஆண்பிள்ளைத் தோரணை, காயம் சீக்கிரம் ஆறும். ஹெலன், எண் 22. வாயாடி, கையை நீட்டி வெட்டுபவள். நான்காவது கிளேர், நேர்முடியைக் குட்டையாக வெட்டியவள். இந்த நால்வரையும் மனதில் பதித்துக்கொண்டால் பின்பகுதி முழுதும் எளிதாகிவிடும்.

ஒவ்வொருத்தியின் உடுப்பிலும் அவளுக்கே உரிய குறியீடு இருக்கும். கறுப்புச் சீட்டில் இருக்கும் அதே குறியீடு. இறந்தவளின் வாள் மண்ணில் ஊன்றப்பட்டு அதுவே அவளுக்குக் கல்லறையாகும். சண்டைக் குழப்பத்தில் இன்னொரு உதவி: யோமாவின் இரத்தம் ஊதா, வீராங்கனைகளின் இரத்தம் சிவப்பு.

12 முதல் 15 வரை ஒஃபீலியா. எண் 4, நீண்ட பின்னல், கொல்வதில் இன்பம் காண்பவள். அமைப்பின் விதிகள் எவ்வளவு பொத்தலானவை என்பதை அவள் ஒருத்தியே காட்டிவிடுகிறாள். 16 முதல் 18 வரை கதை நாட்டின் மேற்குப் பகுதிக்குப் போகிறது. அங்கே நீங்கள் சந்திக்கும் குழந்தை உருவத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது நல்ல அதிர்ச்சி. மூன்றாம் எண் கலாட்டியாவும் ஒன்பதாம் எண் ஜீனும் இங்கே அறிமுகம். ஜீனைக் கவனமாகப் பாருங்கள்.

19 முதல் 24 வரை: வடக்கு

பனி மூடிய பியேட்டா என்ற ஊருக்கு 24 வீராங்கனைகள் அனுப்பப்படுகிறார்கள். எதிரே விழிப்புற்றவர்களின் படை. அனுப்பியவர்களின் எண்ணம் என்ன என்று மிரியாவுக்குச் சந்தேகம் வருகிறது, நமக்கும் வரும். ஐந்து அணி, ஐந்து தலைவிகள்: மிரியா, ஃபுளோரா, ஜீன், உண்டீன், வெரோனிகா. இந்த ஐந்து பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். இருபத்துநான்கு பேரையும் நினைவில் வைக்க முயல வேண்டாம். உண்டீன் இரட்டை வாள் பிடிப்பவள். முரட்டு உடம்புக்குப் பின்னால் அவள் மறைத்து வைத்திருப்பது என்ன என்று டெனீவ் கண்டுபிடிக்கும் உரையாடல் எனக்கு இந்தப் போரின் எந்த வெட்டையும்விடப் பிடித்தது.

24 முடிந்ததும் நில்லுங்கள்

2007இல் அனிமே ஒளிபரப்பானபோது மங்கா முடியவில்லை. முடிய இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. போதாக்குறைக்கு அது வெளியாகிவந்த மாத இதழ் அதே ஆண்டு ஜூனில் நின்றுபோனது. பிறகு நவம்பரில் தொடங்கிய ஜம்ப் ஸ்கொயர் இதழுக்குக் கதை மாறியது. ஆகவே அனிமேக் குழு 26 எபிசோடுக்குள் கதையை எப்படியாவது கட்ட வேண்டியிருந்தது. கடைசி இரண்டு எபிசோடுகள் மூலக் கதையிலிருந்து விலகித் தனி முடிவு ஒன்றைக் கொடுக்கின்றன. பழிவாங்கல் என்ற கேள்விக்கு ஓர் அவசரப் பதில்.

25, 26 பார்க்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். இசையும் காட்சியும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அதைக் கிளேரின் முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் யோசனை: 24 முடிந்ததும் மங்காவின் 10ஆம் தொகுதியை எடுங்கள். வடக்குப் போரின் ஒரு பகுதியை மறுபடி வாசிக்க நேரும். பரவாயில்லை, பிரியும் இடத்தைத் தவறவிடாமல் கடந்துவிடலாம். அனிமே முடிவை மங்கா முழுதும் படித்தபின் ஆவலுக்காகப் பாருங்கள். நேரம் இருப்பவர்கள் 1ஆம் தொகுதியிலிருந்தே படிப்பது இன்னும் நல்லது.

ஆங்கிலத்தில் விஸ் மீடியா வெளியிட்டிருக்கிறது. 27 தொகுதியும் கிடைக்கும் பதிப்பு, டிஜிட்டலிலும் உண்டு. மங்கா இதுவரை கையில் எடுக்காதவர்கள் கவனிக்க: வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும், பக்கத்துக்குள் கட்டங்களும் அப்படியே. பத்துப் பக்கத்தில் கண் பழகிவிடும்.

வடக்குப் போருக்குப் பிறகு கதை ஏழு ஆண்டுகள் தாண்டிக் குதிக்கும். அமைப்பு ஏன் இந்தப் பெண்களை உருவாக்குகிறது என்ற, அனிமே தொடாமலே விட்ட கேள்விக்கு அங்கே பதில் உண்டு. இடைத் தொகுதிகளில் புதிய வீராங்கனைகள் கூட்டமாக வருவார்கள், சில சண்டைகள் நீளும். மாத இதழில் வந்ததால் ஓர் அத்தியாயம் முழுக்க ஒரே மோதலாக இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே தொகுதி தொகுதியாக வேகமாகப் போய்விடுங்கள். தனித்தனி அத்தியாயமாக நாளுக்கு ஒன்று என்று படித்தால் சலிக்கும்.

படித்து முடிக்கும்வரை கதாபாத்திரங்களின் பெயரை இணையத்தில் தேடாதீர்கள். தெரேசா என்று அடித்தாலே 8ஆம் எபிசோடும் 26, 27ஆம் தொகுதிகளும் படத்தோடு முன்னால் வந்து நிற்கும். பெயர் மறந்துபோனால் தொகுதியின் முன்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.